பீத்தோவனின் இறுதி மூன்று சொனாட்டாக்கள்

பெரும் இசையாளரின் பிற்காலப் படைப்புகளை மட்டும் தெரிந்தெடுத்து, ஒரே மாலையில் ஒருவர் தனித்துப் பியானோவில் வாசித்தளிக்கும் வழக்கம் மேனாட்டில் உண்டு. ஷூபர்ட்டின் கடைசிச் சொனாட்டாவும், பிராம்ஸ் முதுமையில் இயற்றிய சிறு படைப்புகளும் இத்தகைய நிகழ்ச்சிகளில் இடம்பெறுவன. ஆயினும் 109, 110, 111 என எண்ணிடப்பெற்ற பீத்தோவனின் மூன்று சொனாட்டாக்களே இவற்றுள் தலைமையானவை எனலாம். 1987 அக்டோபரில், தம் 84ஆம் வயதில், ருடால்ப் செர்கின் வியன்னா நகரில் இம்மூன்றையும் வாசித்தார். அம்மாலையின் ஒலிப்பதிவே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

இவ்விசையைக் கேட்க அமரும்போதே நம் உள்ளத்தில் ஒரு முன்முடிவு இருக்கிறது. மரணத்தை எதிர்நோக்கும் முதியவர் ஒருவர் அமைதியடைந்து விடைபெறுகிறார் என்று எண்ணிக்கொள்கிறோம். அடக்க ஆராதனைகளில் பேசிப் பழகிய ஆயர்களாகிய நமக்கு இவ்வெண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. வரலாறோ இதற்கு இடந்தரவில்லை. 1820 முதல் 1822 வரை இவற்றை இயற்றுகையில் பீத்தோவனுக்கு வயது ஏறத்தாழ ஐம்பதுதான். செவிப்புலன் பெரிதும் அழிந்திருந்தது. 1821இல் மஞ்சட்காமாலையும் அவரை வருத்தியது. எனினும் 'மிஸ்ஸா சொலெம்னிஸ்' என்னும் பெரும் ஆராதனை இசை அதே ஆண்டுகளில் அவர் கையில் வளர்ந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் சிம்பொனி இனிமேல்தான் நிறைவுபெற இருந்தது. அவர் மறைந்தது 1827இல். ஷூபர்ட்டோ, தம் கடைசிச் சொனாட்டாவை 1828 செப்டம்பரில் முடித்து, நவம்பரில் இறந்தபோது 31 வயதினரே.

இசையை நோக்குமிடத்தும் அமைதி எளிதில் கிட்டுவதாயில்லை. 110ஆம் சொனாட்டாவின் இறுதிப் பகுதியைக் கவனிப்போம். முதலில் ஒரு புலம்பற்பாட்டு வருகிறது. பாக் இயற்றிய யோவான் பாடுகளின் இசையில், சிலுவையின் ஆறாம் வார்த்தையை ஒட்டி அமைந்த தனிப்பாடலை அது நினைவூட்டுவதாகப் பலர் சுட்டியுள்ளனர். ஒப்புமையைச் சான்றாகக் கொள்ளலாகாது. பிரசங்கத்திற்கு உதவும் என்று கண்டவுடன் பற்றிக்கொள்வது நமது பழைய பலவீனம். புலம்பலை அடுத்து ஃபியூக் தொடங்குகிறது. ஒரு குரல் எடுத்த இசைக்கருவை மற்றக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பின்தொடரும் அமைப்பு இது. துயரம் நீங்கி ஒழுங்கு பிறந்தது என்று நாம் நினைக்கும் வேளையில் ஃபியூக் முறிந்து, அதே புலம்பல் மீண்டும் வருகிறது. இம்முறை அது சுரத்தில் தாழ்ந்து, மூச்சுத்திணறுவதுபோல் இடையிடையே அறுபட்டுச் செல்கிறது. 'களைத்துப் புலம்பி' என்று பீத்தோவனே அவ்விடத்தில் குறித்துள்ளார். பின்பு ஒரே சுரக்கூட்டு பத்துமுறை, மேன்மேலும் வலுப்பெற்று ஒலிக்கிறது. முந்திய இசைக்கரு தலைகீழாகத் திரும்பி வருகிறது. 'சிறிது சிறிதாக மீண்டும் உயிர்பெற்று' என்பது அதற்குரிய குறிப்பு. துக்கவீட்டில் ஒரே சந்திப்பில் ஆறுதலை முடித்துவிட விரும்பும் நாம் அந்த இரண்டாம் புலம்பலைத் தாண்டிச் செல்லாமல் கேட்கவேண்டும்.

செர்கின் இதனை அழகுபடுத்த முயலவில்லை. விரல்கள் இளமையில்போல் இயங்காத இடங்கள் உண்டு. அவற்றை மறைக்கவும் இல்லை. இரண்டாம் புலம்பலில் அந்த இடைவெளிகளை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்.

111ஆம் சொனாட்டாவில் இரண்டே பகுதிகள். மூன்றாவது விடுபட்டதோ என்று வெளியீட்டாளரே வினவினார். இரண்டாம் பகுதி ஓர் எளிய பாட்டு. கீர்த்தனையில் சங்கதிகள் விரிவதுபோல் அது மாறி மாறி விரிந்து, ஈற்றில் முதல் மூன்று சுரங்களுக்கே திரும்பி, மெல்லென முடிகிறது.