திரைக்கு அருகே அமரும் இசை

குறும்படம் ஒன்றைத் திரையிடும்போது அதற்கான இசையை ஒலிப்பதிவிலிருந்து ஒலிக்கவிடாமல், இசைக்கலைஞர்கள் திரைக்கு அருகில் அமர்ந்து, ஓடும் படத்தைப் பார்த்தபடி அந்த நேரத்திலேயே வாசிக்கும் முறை, சென்ற நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புத்துயிர் பெற்றது. பெரிய தயாரிப்பு நிறுவனங்களின் பணத்தைச் சாராமல் எடுக்கப்படும் சுயாதீனக் குறும்படங்கள் இந்த முறைக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. ஏனெனில் அவற்றின் நீளம் ஒரு சிறு குழு ஒத்திகை பார்த்து மனத்தில் இருத்திக்கொள்ளும் அளவுக்குள் அடங்குகிறது, அவற்றைத் திரையிடும் திரைப்படச் சங்கங்களும் கலைக்கூடங்களும் மூன்று நான்கு வாத்தியங்களுக்கு மட்டுமே இடம் தரக்கூடியவை. இதைப் பழமையின் மீதான ஏக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. எடுத்து முடித்து மாற்ற இயலாத நிலைக்கு வந்துவிட்ட ஒரு கலையையும், வாசிக்கும் கணத்தில்தான் பிறக்கும் இன்னொரு கலையையும் ஒரே அரங்கில் சேர்த்துவைத்து, எது எதற்குப் பணிய வேண்டும் என்ற கேள்வியை ஒவ்வொரு காட்சியிலும் புதிதாக எழுப்புவதில்தான் இதன் உயிர் இருக்கிறது.

இந்தக் கேள்வி சினிமாவைப் போலவே பழையது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு காட்டிய பத்துப் படங்களும் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவானவை. சினிமா பிறந்ததே குறும்படமாகத்தான். 1908 நவம்பரில் அதே நகரில் வெளியான, சுமார் 18 நிமிடம் ஓடும் ‘கீஸ் கோமகனின் கொலை’ என்ற படத்துக்குப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் கமீய் சேன்-சான்ஸ் தனியாக இசை எழுதிக் கொடுத்தார். ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கொட்டகைகளில் பெருகியது இத்தகைய தனி இசை அன்று. காதல், துரத்தல், புயல், சாவு என்று உணர்ச்சிவாரியாகப் பிரித்த சிறு இசைத்துண்டுகளைத் தொகுத்துவைத்திருக்கும் புத்தகங்களே பெருகின. ஜெர்மனியில் ஜுசெப்பே பெச்சே 1919 முதல் வெளியிட்ட தொகுதிகளும், அமெரிக்காவில் எர்னோ ராப்பே 1924-இல் வெளியிட்ட தொகுப்பும் இவ்வகையைச் சேர்ந்தவை. பியானோ வாசிப்பவர் திரையைப் பார்த்து, பக்கத்தைப் புரட்டி, அந்தக் கட்டத்துக்கு ஏற்ற துண்டை வாசித்தார். வாரந்தோறும் புதுப் படங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் இது தவிர்க்க இயலாத ஏற்பாடாக இருந்தபோதிலும், எந்தப் படத்துக்கும் பொருந்தும் இசை எந்தப் படத்துக்கும் சொந்தமாக இருக்க முடியாது என்ற குறை அதில் இருந்தே தீரும்.

அந்தக் குறையை முதலில் கூர்மையாக உணர்ந்து மாற்றுவழி தேடியவர்கள், வணிகக் கொட்டகைகளுக்கு வெளியே படம் எடுத்த கலைஞர்களே. வால்ட்டர் ருட்மான் 1921-இல் ஜெர்மனியில் காட்டிய ‘லிஷ்ட்ஷ்பீல் ஓப்புஸ் 1’ என்ற சில நிமிடப் படத்தில் கதையோ மனிதரோ இல்லை, வண்ண வடிவங்கள் மட்டுமே அசைகின்றன. அதற்கு மாக்ஸ் புட்டிங் ஐந்து தந்தி வாத்தியங்களுக்கான இசையை எழுதினார். இருந்தாலும் இந்த வரலாற்றில் நீண்ட நேரம் நின்று பார்க்க வேண்டிய படைப்பு, 1924 டிசம்பர் 4 அன்று பாரிஸின் ஷான்ஸ்-எலிசே அரங்கில் காட்டப்பட்ட ‘ஆந்த்ராக்ட்’ என்ற குறும்படம்தான். பெயருக்கு ‘இடைவேளை’ என்று பொருள். ஸ்வீடிஷ் பாலே குழு ஆடிய ‘ரெலாஷ்’ என்ற நாட்டிய நிகழ்ச்சியின் நடுவில் காட்டுவதற்காகவே பிரான்ஸிஸ் பிக்காபியா திட்டமிட, இளைஞரான ரெனே கிளேர் அதை இயக்கினார். படத்தில் கலைஞர்கள் மார்செல் டூஷானும் மான் ரேயும் கூரைமீது சதுரங்கம் ஆடுகிறார்கள். ஒட்டகம் இழுக்கும் சவ வண்டி கைநழுவி ஓட, துக்க ஊர்வலத்தினர் அதன் பின்னால் தலைதெறிக்க ஓடுகிறார்கள்.

இந்தப் படத்துக்கு இசை எழுதிய எரிக் சாட்டீ, காட்சிகளின் வரிசையையும் அவை ஓடும் நேரத்தையும் கிளேரிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அவர் கண்டுபிடித்த வழி இன்றும் வியப்பைத் தருவது. நீண்ட ராகப்போக்குகளை அவர் எழுதவில்லை. சில தாளச்சுற்றுகளே கொண்ட சிறு இசைக்கூறுகளை எழுதி, ஒவ்வொன்றையும் திரையில் காட்சி மாறும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கும்படி அமைத்தார். படம் சற்று மெதுவாக ஓடினால் ஒரு கூறு ஆறு முறைக்குப் பதிலாக எட்டு முறை ஒலிக்கும், விரைந்து ஓடினால் நான்கோடு நிற்கும், கேட்பவர் காதில் எதுவும் உடைந்ததாகத் தோன்றாது. கட்டுப்பாட்டையும் நெகிழ்வையும் ஒரே தாளில் எழுதிவைத்த இந்த உத்தி, படத்தோடு நேரடியாக வாசிக்கும் இசைக்கு இதுவரை கிடைத்த மிகச் சிறந்த தீர்வுகளுள் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். சாட்டீ அடுத்த ஆண்டு ஜூலையில் மறைந்தார்.

ஒரே படம் ஏன் ஓரிடத்தில் மெதுவாகவும் ஓரிடத்தில் விரைவாகவும் ஓட வேண்டும் என்று இன்றைய வாசகர் கேட்கலாம். பேசும் படம் வருவதற்கு முன் படக்கருவியின் வேகம் ஒரே அளவாக நிலைபெறவில்லை. பல இடங்களில் ஆபரேட்டர் கையால் சுழற்றினார், நொடிக்கு 16 முதல் 24 சட்டகங்கள் வரை அது மாறுபட்டது. ஆயிரம் அடி நீளமுள்ள ஒரு சுருள் நொடிக்கு 16 சட்டக வேகத்தில் சுமார் பதினாறரை நிமிடமும், 24 சட்டக வேகத்தில் சுமார் பதினொரு நிமிடமும் ஓடும். படச்சுருளின் ஓரத்திலேயே ஒலியும் பதிவானபோதுதான், வேகம் மாறினால் குரலும் மாறிவிடும் என்பதால், 24 சட்டகம் என்பது உறுதியான அளவாயிற்று. அதுவரை படமும் இசையும் ஒன்றுக்கொன்று சிறிது விட்டுக்கொடுக்க முடிந்தது. இன்று டிஜிட்டல் கோப்பாக ஓடும் படம் எதற்கும் விட்டுக்கொடுப்பதில்லை; வளைந்துகொடுக்கும் கடமை முழுவதும் இசைக்கலைஞர் தலைமீது விழுந்திருக்கிறது.

சாட்டீக்கு நேர் எதிரான பாதையில் போனவர் ஜார்ஜ் ஆன்டைல் என்ற அமெரிக்க இளைஞர். ஃபெர்னான் லெஜே, டட்லி மர்ஃபி ஆகியோர் 1924-இல் உருவாக்கிய ‘பாலே மெக்கானிக்’ படத்துக்கு அவர் திட்டமிட்ட இசையில், துளையிட்ட காகிதச் சுருளைப் படித்துத் தானே ஒலிக்கும் பியானோலாக்கள் பதினாறு, விமான உந்துவிசிறிகள், மின்மணிகள், சைரன் ஆகியவை இடம்பெற்றன. இயந்திரத்தை இயந்திரத்தோடு பூட்டிவிட்டால் பிழை நேராது என்பது கணக்கு. ஆனால் பதினாறு பியானோலாக்களை ஒரே நேரத்தில் ஒத்து ஓடச்செய்யும் தொழில்நுட்பம் அன்று இல்லை. இசையோ ஏறத்தாழ அரைமணி நேரம் நீண்டது, படம் இருபது நிமிடத்தைக்கூட எட்டவில்லை. இரண்டும் பிரிந்தே வாழ்ந்தன. இசையின் முதல் வடிவத்தைக் கணினியின் உதவியோடு அமெரிக்காவில் வாசித்துக் காட்ட 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு பொறியியல் எதுவும் இல்லாமல் வெற்றி கண்டவர் இயக்குநர் லூயிஸ் புனுவல். சால்வதோர் டாலியோடு சேர்ந்து எழுதிய ‘ஆண்டலூசிய நாய்’ என்ற 16 நிமிடப் படத்தை 1929 ஜூனில் பாரிஸில் முதன்முதலாகக் காட்டியபோது, அவர் திரைக்குப் பின்னால் கிராமபோனுடன் நின்று, வாக்னரின் ‘டிரிஸ்டான்’ இசைத்தட்டையும் அர்ஜென்டினத் தாங்கோ இசைத்தட்டுகளையும் மாற்றி மாற்றி வைத்தார். பார்வையாளர்கள் சீறி எழுந்தால் எறிவதற்காகச் சட்டைப்பையில் கற்களை நிரப்பி வைத்திருந்ததாகத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். தட்டில் பதிவான இசை என்றாலும், அதை எப்போது நிறுத்தி எப்போது மாற்றுவது என்பதை ஒரு மனிதர் அந்த நேரத்தில் முடிவுசெய்ததால், அதுவும் நேரடி நிகழ்த்துதலே.

இன்று ஒரு குறும்படத்துக்கு நேரடியாக வாசிக்க முன்வரும் இசைக்கலைஞர் முதலில் படத்தைப் பலமுறை பார்த்து, எந்த நிமிடத்தில் எந்தக் காட்சி மாறுகிறது, எங்கே ஒரு கதவு சாத்தப்படுகிறது, எங்கே ஒரு முகம் திரும்புகிறது என்று குறிப்புத்தாள் எழுதிக்கொள்கிறார். இதைக் ‘கியூ ஷீட்’ என்பார்கள். சில குழுக்கள் காதில் மட்டும் கேட்கும் தாளத்துடிப்பான ‘கிளிக் டிராக்’கைப் பயன்படுத்தி நொடி பிசகாமல் வாசிக்கின்றன. வேறு சிலர் அதை அறவே மறுத்து, கண்ணால் படத்தையும் காதால் சகக்கலைஞரையும் பின்தொடர்ந்து, முன்கூட்டி எழுதாத இசையை அங்கேயே கற்பனை செய்து வாசிக்கிறார்கள். பரதநாட்டிய அரங்கில் நட்டுவனாரும் ஆடுபவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் காலத்தைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ முடியும். திரையிலிருப்பவர் பக்கவாத்தியக்காரரைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆகவே அடுத்து வரப்போவதை முன்கூட்டியே அறிந்திருந்தும், அறியாதவரைப்போல அதைச் சந்திக்கும் பக்குவம் இந்தக் கலைஞருக்கு வேண்டும். பயந்த முகம் தோன்றுவதற்கு முன்பே அச்சத்தை வாசித்துவிட்டால் படத்தின் அடுத்த கட்டத்தை அவரே போட்டுடைத்தவராகிறார். நடைமுறைச் சிக்கல்களும் உண்டு: இசைத்தாள் நிற்கும் சட்டத்தின் விளக்கொளி திரையில் படியக்கூடாது, தாளக்கருவியின் ஓசை உரையாடலை விழுங்கக்கூடாது. பேச்சு உள்ள படமானால் இயக்குநர் பேச்சையும் சூழல் ஒலிகளையும் இசையிலிருந்து பிரித்த தனிப் பதிவாகத் தர வேண்டும். படத்தொகுப்பின்போதே இதைத் திட்டமிடாதவர்களால் பின்னர் அதைச் செய்வது கடினம்.

ஒரே படத்துக்குப் பல இசை அமையலாம் என்பதை யோரிஸ் இவன்ஸ், மானுஸ் ஃபிராங்கன் இருவரும் 1929-இல் உருவாக்கிய ‘மழை’ என்ற டச்சுக் குறும்படம் காட்டுகிறது. ஆம்ஸ்டர்டாம் நகரில் மழை தொடங்கி ஓய்வதை மட்டுமே சொல்லும் இந்தப் பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு 1932-இல் லோ லிஷ்ட்ஃபெல்ட் ஓர் இசை அமைத்தார். நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க்கில் வாழ்ந்த ஹான்ஸ் ஐஸ்லர், திரையிசை பற்றிய ஆய்வுத்திட்டம் ஒன்றின் பகுதியாக 1941-இல் இன்னொன்றை எழுதி, ‘மழையை விவரிக்கப் பதினான்கு வழிகள்’ என்று பெயரிட்டார். பன்னிரண்டு சுரங்களையும் சம உரிமையோடு நடத்தும் முறையில் அமைந்த அந்த இசை, துளிகளின் ஓசையை அப்படியே எதிரொலிப்பதோடு நின்றுவிடாமல், மழைக்குள் ஒரு துயரத்தையும் கேட்கச் செய்கிறது. பின்னணி இசை என்று நாம் வழங்கிவரும் சொல்லுக்குள் இந்த இசையை அடக்க முடியாது. இது படத்தைப் பற்றி ஓர் இசையமைப்பாளர் எழுதிய விமரிசனம்.

இந்த மரபை மீட்டெடுத்ததில் வட இத்தாலியச் சிறுநகரான போர்டெனோனேயில் 1982-இல் தொடங்கிய மௌனப்பட விழாவுக்குப் பெரும் பங்குண்டு. அதன் முதல் விழாவே மாக்ஸ் லிண்டேர் என்ற பிரெஞ்சு நகைச்சுவை நடிகரின் படங்களை மையமாகக் கொண்டது. இன்று உலகெங்கிலுமிருந்து வரும் பியானோ கலைஞர்கள் அங்கே தினமும் பல மணி நேரம் வாசிக்கிறார்கள், இளைய கலைஞர்களுக்கு வகுப்பும் எடுக்கிறார்கள். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியக் குழுக்கள் பழைய நகைச்சுவைக் குறும்படங்களுக்கு வாசிப்பதும் உண்டு. அமெரிக்காவின் அலாய் ஆர்கெஸ்ட்ரா என்ற மூவர் குழு, தூக்கியெறியப்பட்ட உலோகப் பொருள்களையும் தாளக்கருவிகளாக்கி மௌனப்படங்களுக்கு வாசித்துப் புகழ்பெற்றது.

தமிழகத்துக்கு இது அந்நியமான மரபன்று. திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் காட்டிய சிறு படங்கள் தொடங்கி, 1931-இல் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ வரும்வரை, தமிழர் பார்த்த சினிமாவுக்கு ஒலி கொடுத்தவர்கள் திரையருகே இருந்த மனிதர்களே. ஆர்மோனியமும் தபலாவும் வாசித்தவர்களும், எழுத்தட்டைகளைப் படித்துக் கதை சொன்னவர்களும் அந்தப் பணியைச் செய்தார்கள். அவர்கள் என்ன வாசித்தார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. அக்காலத்தில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்ற மௌனப்படமும் பிரதியின்றி அழிந்துபோனது. இந்த இழப்பு வருத்தத்துக்குரியது. ஆனால் நடிகரின் காலடியைக் கண்ணால் தொடர்ந்து வாசிக்கும் திறமை தெருக்கூத்தின் மிருதங்கக்காரரிடமும் முகவீணைக்காரரிடமும் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2009-க்குப் பின் தொலைக்காட்சிப் போட்டிகள் வழியே பெருகிய தமிழ்க் குறும்படங்கள் பலவற்றில், முதல் சட்டகத்திலிருந்து கடைசிவரை இடைவெளியின்றி இசை நிரப்பப்பட்டிருக்கிறது. அத்தகைய படம் ஒன்றின் இசையை நீக்கிவிட்டு, ஒரு பறையும் ஒரு முகவீணையும் மட்டும் கொண்டு அரங்கில் வாசித்துப் பார்த்தால், எந்த இடத்தில் இசையே வேண்டியதில்லை என்பது இயக்குநருக்கு உடனே விளங்கிவிடும்.

எல்லாக் குறும்படங்களும் இசையை விரும்புவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாயா டெரன் 1943-இல் ஒலியின்றி எடுத்த ‘பிற்பகல் வலைகள்’ படத்துக்கு டெய்ஜி இட்டோவின் இசை 1959-இல்தான் சேர்ந்தது. அது இயக்குநரே விரும்பிச் சேர்த்தது என்பதால் அதில் சிக்கலில்லை. ஸ்டான் பிராக்கேஜின் நிலை வேறு. அந்துப்பூச்சிகளின் சிறகுகளையும் இலைத்துணுக்குகளையும் ஒளிபுகும் நாடாக்களுக்கிடையே ஒட்டி, காமிராவே இல்லாமல் 1963-இல் அவர் உருவாக்கிய ‘மாத்லைட்’ நான்கு நிமிடத்துக்குள் முடியும் படம். அதைப் போன்றே அவருடைய நூற்றுக்கணக்கான படங்களில் மிகப் பெரும்பாலானவை ஒலியற்றவை. ஒலி சேர்ந்தால் கண் தன் வேலையைப் பாதியில் விட்டுவிடும் என்று கருதியே அவர் மௌனத்தைத் தேர்ந்தார். காலத்தின் தொழில்நுட்பக் குறையால் ஒலியின்றி நின்ற படமும், இயக்குநரின் தேர்வால் ஒலியின்றி நிற்கும் படமும் ஒன்றல்ல. முன்னதற்கு வாசிப்பது விட்டுப்போன ஒன்றை நிறைவு செய்வது; பின்னதற்கு வாசிப்பது, எவ்வளவு நல்ல வாசிப்பானாலும், படைத்தவர் மூடிவைத்த கதவைத் திறப்பது. நிகழ்ச்சி அமைப்பாளர்கள் பிராக்கேஜ் படங்களை அவற்றின் மௌனத்திலேயே காட்டுவதுதான் முறை. உயிரோடிருக்கும் இளம் இயக்குநரின் படமானால் அவரிடம் முன்னதாகவே ஒப்புதல் பெற வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இசைக்கலைஞரின் பெயரோடு, அது இயக்குநர் கேட்டு அமைந்த இசையா, அரங்கத்தார் சேர்த்த இசையா என்பதையும் அச்சிட வேண்டும்.