போதும் என்ற கணக்கு

கும்பகோணம் சாரங்கபாணிப் பெருமாள் கோயிலின் சந்நிதித் தெருவில் எளிய ஓட்டு வீடு ஒன்று உள்ளது. கணித மேதை ஸ்ரீநிவாச ராமாநுஜன் வளர்ந்த இல்லம் அது. தந்தையார் ஜவுளிக்கடையில் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயில் பஜனையில் பாடி, அதில் கிடைத்த சிறு தொகையையும் குடும்பச் செலவுக்குச் சேர்த்தார். நாமக்கல் நாமகிரித் தாயாரே தங்களைக் காத்து நிற்பவள் என்று அக்குடும்பம் நம்பி வாழ்ந்தது.

வறுமை மேன்மை தரும் என்று சொல்வது எளிது. பட்டவர்க்கே அதன் கொடுமை தெரியும். 1904-ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்த ராமாநுஜன், கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் அத்தொகையை இழந்தார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு சறுக்கலாக முடிந்திருக்கும். அவருக்கோ கல்லூரிக் கதவே அடைபட்டது. பின்னர்ச் சென்னையில் பயின்று எழுதிய தேர்விலும் வெற்றி கிட்டவில்லை.

ஆயினும் அவர் கணக்கை விடவில்லை. காகிதம் வாங்கக் காசு போதாமல் சிலேட்டில் கணக்கிட்டார். முழங்கையால் அழித்தழித்து எழுதினார். முடிவுகளை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் பதிந்தார். அந்த நோட்டுப் புத்தகங்களை உலகக் கணித அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர்.

நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் பண உதவி செய்தார். பிறர் பொருளில் நெடுநாள் வாழ ராமாநுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். உதவியை நன்றியுடன் ஏற்கவும், உரிய வேளையில் தன் காலில் நிற்கவும் அறிந்தவர் அவர்.

1914-இல் இங்கிலாந்து சென்றார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. உடல்நலம் குன்றி அயல்நாட்டில் இருந்த அவர், 1919 ஜனவரி 11 அன்று எழுதிய பதில் கடிதம் நெஞ்சை நெகிழச் செய்வது. தாயகம் திரும்பியபின் தம் தேவைக்கு அத்தொகை மிக அதிகம் என்றார். ஆண்டுக்கு 50 பவுனைப் பெற்றோருக்கு அளிக்குமாறு கேட்டுக்கொண்டார். தம் செலவு போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்கள், அநாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்கவும் பயன்படுத்த விரும்பினார்.

உதவித்தொகை இழந்து தவித்தவருக்குக் கட்டணம் நினைவிருந்தது. காகிதமின்றி வருந்தியவருக்குப் புத்தகம் நினைவிருந்தது. தாம் பட்ட குறை இன்னொரு பிள்ளைக்கு வரலாகாது என்று எண்ணினார். 1920 ஏப்ரல் 26 அன்று, தம் 32-ஆம் வயதில், அவர் திருநாடு அலங்கரித்தார்.

முதல் சம்பளம் வாங்கி வந்து வணங்கும் பேரனுக்கும் பேத்திக்கும் ஆசி கூறும் பெரியோர், இந்தக் கடிதத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். தனக்கு எவ்வளவு போதும், பெற்றோருக்கு எவ்வளவு, பிறருக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொள்ளும் கணக்கை இளமையிலேயே கற்றவர்க்குச் செல்வம் வந்தாலும் மனம் மாறாது.