பழையது என்னும் புதிய சாலை: சென்னையின் மாநில நெடுஞ்சாலை 49ஏ

ஓர் ஊரின் வரலாற்றை அறியக் கல்வெட்டும் ஆவணமும் துணைபுரிவதைப் போன்றே சாலைகளின் பெயர்களும் துணைபுரிகின்றன. சென்னையின் தென்பகுதியில் செல்லும் மாநில நெடுஞ்சாலை 49ஏ இதற்குத் தக்க சான்றாகும். அரசு வழக்கில் இது இராஜீவ் காந்தி சாலை. மக்கள் வழக்கிலோ பழைய மாமல்லபுரம் சாலை, சுருக்கமாக ஓ.எம்.ஆர். கண்ணாடி மாளிகைகள் நிறைந்த சாலையொன்று ‘பழைய’ என்னும் அடையுடன் வழங்குவது வியப்பாகத் தோன்றலாம். கடலை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலை 1990களின் பிற்பகுதியில் விரிவாக்கப்பெற்றபோது, மாமல்லபுரத்திற்குச் செல்வோர் அதனையே நாடினர். அதனால் உள்பக்கச் சாலை பழையதாயிற்று.

அடையாற்றில் மத்திய கைலாசம் கோயிலருகே தொடங்கும் இச்சாலை, தரமணி, கண்டன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்று மாமல்லபுரத்தருகே கிழக்குக் கடற்கரைச் சாலையுடன் இணைகிறது. இவ்வூர்ப் பெயர்களுள் பாக்கம் என முடிவன பலவாக இருத்தல் கருதத்தக்கது. பாக்கமும் பட்டினமும் நெய்தல் நிலத்து ஊர்களைக் குறிப்பன என்பதை ஐந்திணை கற்பிக்கும் ஆசிரியர் அறிவர். கேளம்பாக்கத்தை அடுத்த உப்பளங்கள் அந்நிலத்தின் தொழிலை அண்மைக்காலம் வரை நினைவூட்டி வந்தன. திருப்போரூரோ முருகன் அசுரரொடு பொருத தலம் எனப் புராணம் கூறுவது. 17ஆம் நூற்றாண்டினரான சிதம்பர சுவாமிகள் பாடிய திருப்போரூர்ச் சந்நிதிமுறை இத்தலத்திற்கு உரியது.

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதே இச்சாலையின் திருப்புமுனை எனலாம். தொடர்ந்து மென்பொருள் நிறுவனங்கள் தெற்கு நோக்கிப் பெருகின. சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. சிறுசேரி வரையுள்ள சுமார் 20 கிலோமீட்டர் ஆறுவழியாக அகலப்படுத்தப்பட்டு 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சுங்கமும் வசூலிக்கப்பட்டது. சாவடி என்பது முன்னாளில் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். கண்டன்சாவடி என ஊர்ப்பெயரில் அச்சொல் நிலைத்திருக்கும் இதே சாலையில், அது பணம் செலுத்தும் சுங்கச்சாவடியைக் குறிக்கவும் நேர்ந்தது. சொற்பொருள் மாற்றத்திற்கு இதனினும் எளிய சான்றை வகுப்பறையில் காட்டுவது அரிது. பெருங்குடி உள்ளிட்ட நான்கு சுங்கச்சாவடிகளில் வசூல் 2021 ஆகஸ்டிலும், எஞ்சிய நாவலூரில் 2023 அக்டோபரிலும் நிறுத்தப்பட்டது.

எனினும் சாலையின் வரலாற்றை அலுவலகக் கட்டடங்களோடு நிறுத்திவிடுதல் முறையன்று. நகரின் நடுவேயிருந்த குடிசைப்பகுதி மக்கள் பல்லாயிரவர் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பட்டனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் சிலவும் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. கடலையே தொழிலாகக் கொண்டோர்க்குக் கடலிலிருந்து விலகிய குடியிருப்பு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. கோவலன் பொருட்டு நீதி கேட்டவளின் பெயரை இடம்பெயர்க்கப்பட்டோர் குடியிருப்பு தாங்கி நிற்பதையும் நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

நிலத்தின் இயல்பும் இங்கு நோக்கற்பாலது. சாலைக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். கிழக்கே 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய். சதுப்பில் சேரும் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியே சாலையைக் குறுக்காகக் கடந்து கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டில் கடலோடு கலக்கிறது. அதாவது, வடக்குத் தெற்காக அமைந்த சாலை, மேற்கிலிருந்து கிழக்கே செல்லும் நீரின் வழியில் கிடக்கிறது. இடைப்பட்ட நிலம் கட்டடங்களால் நிரம்பியதன் விளைவை 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்கள் காட்டின. எஞ்சிய சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மடு என்றால் நீர்நிலையின் ஆழமான பகுதி. நிலத்தின் தன்மையை அறிந்தே முன்னோர் அப்பெயரை இட்டிருத்தல் வேண்டும்.