கொழுந்து மலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் நடுவே

காலைப் பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து பெண்கள் கொழுந்துக்கு மலையேறும்போது, ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் அங்கே குழந்தையைப் பொறுப்பேற்கிறார். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். ஆனாலும் தாயின் உடம்பு அந்தக் காம்பராவை நாள் முழுக்கக் கணக்கில் வைத்திருக்கிறது.

குழந்தை பால் உறிஞ்சும்போது தாயின் மூளையிலிருந்து இரண்டு ஓமோன்கள், அதாவது இரத்தத்தில் ஓடும் இரசாயனத் தூதர்கள், புறப்படுகின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்கும். ஒக்சிடோசின் இருக்கிற பாலை வெளியே தள்ளும். இரண்டாவதற்குச் சில வேளை உறிஞ்சலே தேவையில்லை. பிள்ளையின் அழுகையைக் கேட்டால், ஏன், நினைத்தால்கூடப் போதும், கொழுந்து கிள்ளும் இடத்திலேயே சட்டை நனைந்துவிடும்.

பால் தேங்கினால் நேர்மாறு. ‘போதும்’ என்று எடுத்துக்கொண்டு சுரப்பு குறைகிறது, அதுவும் ஒவ்வொரு மார்புக்கும் தனித்தனிக் கணக்கு! தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லிலீற்றர் வேண்டும். பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று நிறைய. பகல் முழுக்க ஊட்டாத தாய்க்கு அந்தப் போத்தல் மெல்ல மெல்லக் குறையும்.

இங்கேதான் சட்டம் உடலோடு கைகோர்க்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு நாளில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் தலா 30 நிமிடம், இல்லையென்றால் தலா ஒரு மணித்தியாலம். செங்குத்தான மலையில் இறங்கி ஏறுவதிலேயே அந்த அரை மணித்தியாலம் தீர்ந்துவிட்டால் பயனில்லை. காம்பராவை எங்கே கட்டுகிறோம் என்பது பால் சுரப்பைத் தீர்மானிக்கிற விஷயம்.

வர முடியாத நாளுக்கும் வழியுண்டு. சுத்தமான பாத்திரத்தில் பிழிந்தெடுத்த பால் 25 பாகை செல்சியசில் 4 மணித்தியாலம் தாங்கும். அதிலேயே கிருமிகளை எதிர்க்கும் புரதங்களும் உயிருள்ள கலங்களும் இருக்கின்றன. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவுதான்.

இன்னொரு விந்தை, வீட்டில் தாய் பத்திரப்படுத்தும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் இருக்கிறது. எடையை நிறுத்து அதில் மருத்துவிச்சி புள்ளி வைக்கிறார். எடை சரியா என்று ஒப்பிட, உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளைகோடுகள் இருக்கின்றன. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என ஆறு நாடுகளில் 8,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை அளந்து வரைந்தவை அவை. தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் கிடைத்தபோது ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி உயர்ந்தார்கள். தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளைக்கு மட்டும் குறைந்த அளவுகோல் வைக்க உடலியலில் நியாயமே இல்லை.

கண்ணுக்கு மெலிவு தெரியுமுன்பே அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோடு படுத்துவிடும். அப்போது காரணம் தேட வேண்டும். இரவு இருமல் அம்மாயிக்குத் தெரியும். மத்தியானம் சோற்றைத் துப்பியது காம்பரா உத்தியோகத்தருக்குத் தெரியும். கோடு படுத்தது மருத்துவிச்சிக்குத் தெரியும். மூன்றையும் சேர்த்துக் கேட்கிறவரிடம்தான் நோயின் முழு வடிவம் சிக்கும்.