அணுகுண்டுக்குத் தப்பிய சிறுவன் வரைந்த படக்கதை

"காமிக்சா? அது பொடிப்பசங்க சமாச்சாரம்" என்பார்கள். சூப்பர்மேன், பேட்மேன் என்று தேடிப் படிக்கும் ரசிகர்கள் கூட ஜப்பான் படக்கதை என்றால், "பெரிய பெரிய கண்ணு... நமக்கு ஒத்துவராது" என்று ஒதுக்கி விடுவது உண்டு.

அவர்கள் அவசியம் படிக்க வேண்டியது "வெறுங்கால் ஜென்".

எழுதி, வரைந்தவர் கெய்ஜி நகசாவா. ஹிரோஷிமாக்காரர். 1945 ஆகஸ்டு 6-ந்தேதி அங்கு அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது 6.

சுவர் காப்பாற்றியது

பள்ளிக்கூடத்தின் கான்கிரீட் சுவர் மறைத்ததால் உயிர் தப்பினார். வீடு இடிந்து தீப்பிடித்ததில் தந்தை, அக்காள், தம்பி மூவரும் பலி. கர்ப்பிணியாக இருந்த தாய் அன்றே பெண் குழந்தை பெற்றாள். அந்தச் சிசுவும் பிழைக்கவில்லை.

1966-ல் தாய் இறந்தாள். தகனம் முடிந்து பார்த்தால் எலும்பு கூட இல்லை, வெறும் சாம்பல்! கதிர்வீச்சு எலும்பையும் விட்டு வைக்கவில்லையே என்று குமுறினார், நகசாவா. அணுகுண்டு பற்றி வரையத் தொடங்கினார். 1973-ல் சிறுவர் வாரப் பத்திரிகையில் "ஜென்" தொடர் ஆரம்பம். மொத்தம் 10 தொகுதிகள்.

வில்லன் யார்?

பறந்து வந்து காப்பாற்றும் வீரன் இதில் கிடையாது. பசியோடு போராடும் சிறுவன்தான் கதாநாயகன். குண்டு போட்ட அமெரிக்காவைச் சாடும் நகசாவா, மக்களைப் போரில் தள்ளிய சொந்த நாட்டு ஆட்சியாளர்களையும் விடவில்லை.

ஜப்பானில் மட்சுயே நகரப் பள்ளி நூலகங்களில் இதை மாணவர் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்தார்கள். 2013-ல் விஷயம் வெளியானது. எதிர்ப்பு கிளம்பவே, கட்டுப்பாடு நீங்கியது.

நகசாவா 2012-ல் காலமானார். கதை ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. கொடூரக் காட்சிகள் உண்டு. பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன்பு பெரியவர்கள் ஒரு தடவை படித்து விடுவது நல்லது.