முகவரி ஏன் மூன்றாக உடைகிறது?

பிளஸ் 2 செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. கணினி அறிவியல் மாணவர்களிடமிருந்து வரும் கடிதங்கள் பலவும் ஒரே பாடத்தையே சுற்றுகின்றன: பைத்தானும் சிஎஸ்வி கோப்புகளும். ஊரப்பாக்கம் மாணவி ஒருவர் தன் கோப்பின் ஒரு வரியையே எழுதி அனுப்பியிருக்கிறார்.

12, "எண் 4, பெரியார் தெரு, ஊரப்பாக்கம்", 603210

"முகவரியை மேற்கோள் குறிக்குள்தான் போட்டேன் சார், அப்படியும் உடைகிறது" என்கிறார். வர வேண்டியவை மூன்று புலங்கள். வந்தவை ஐந்து.

கமா உள்ள தகவலை இரட்டை மேற்கோளுக்குள் வைக்கச் சொல்கிறது பாடநூல். மாணவியும் வைத்திருக்கிறார். சிக்கல் அந்தக் குறி நிற்கும் இடத்தில். பைத்தானின் ரீடர் கோப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. மேற்கோளுக்கு உள்ளே இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்பதை நினைவில் வைத்தபடியே நகர்கிறது. வெளியே கமா வந்தால் புலம் முடிந்தது. உள்ளே வந்தால் கமாவும் மற்ற எழுத்துகளைப் போல ஓர் எழுத்து, அவ்வளவுதான். இத்தனை சிறிய ஏற்பாட்டில் எந்த முகவரியையும் சிதையாமல் கொண்டுபோக முடிகிறது என்பது அருமையான விஷயம்.

ஆனால் உள்ளே நுழைய வாசல் ஒன்றுதான்: புலத்தின் முதல் எழுத்தே மேற்கோள் குறியாக இருக்க வேண்டும். கமாவுக்குப் பிறகு இடைவெளி விடுவது நம் கைப்பழக்கம். ரீடருக்கு அந்த இடைவெளிதான் முதல் எழுத்து. அடுத்து வரும் மேற்கோள் குறிக்கு அதன் பிறகு எந்த மதிப்பும் இல்லை. முகவரி கமாவுக்குக் கமா உடைகிறது. ரீடரை அழைக்கும்போது, கமாவை அடுத்த இடைவெளியைத் தள்ளிவிடும் 'ஸ்கிப்இனிஷியல்ஸ்பேஸ்' என்பதை 'ட்ரூ' என்று வைத்தால் ஐந்து மூன்றாகிவிடும்.

இந்த வழியும் பாடநூலிலேயே இருக்கிறது. அதே பாடத்தின் விதிப் பட்டியலோ, இடைவெளியும் புலத்தின் பகுதி, அதை ஒதுக்கக் கூடாது என்கிறது. மாணவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? அந்த விதிகள் 2005 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணத்தில் உள்ளவை. அதுவோ தகவலுக்காக வெளியிடப்பட்டது. யாரையும் கட்டுப்படுத்தும் தரநிலை அல்ல. பைத்தானின் சிஎஸ்வி மாட்யூலோ அதற்கு முன்பே, 2003-இலேயே வந்துவிட்டது; அந்த ஆவணத்தைப் பார்த்து எழுதப்பட்டதல்ல.

எனக்குக் கவலை தருவது முதல் விதி: ஒவ்வொரு பதிவும் தனி வரியில் இருக்கும் என்பது. மேற்கோளுக்குள் வரி முறியலாம் என்று அதே பட்டியல் பின்னால் அனுமதிக்கிறது. 40 மாணவர் பட்டியலில் 7-ஆம் வரியில் திறந்த மேற்கோளை மூட மறந்தால், பின்னால் வேறு மேற்கோள் இல்லாத பட்சத்தில், மீதி 33 பேரும் அந்த ஒரே புலத்துக்குள் போய்விடுவார்கள். ரீடர் 7 பதிவுகளைத் தந்துவிட்டு நின்றுவிடும். பிழைச் செய்தி வராது. புலம் 1,31,072 எழுத்துகளைத் தாண்டினால்தான் அது வாயே திறக்கும். இதே தவறு கல்வி உதவித்தொகைப் பட்டியலில் நடந்தால் பணம் வராத பிள்ளை யாரிடம் போய்க் கேட்பது? 'ஸ்ட்ரிக்ட்' என்பதையும் 'ட்ரூ' ஆக்குங்கள். மூடாத மேற்கோளோடு கோப்பு முடிந்தால் அப்போதே பிழை காட்டும். முடிந்தவரை கையால் தட்டச்சு செய்யாமல் பைத்தானின் ரைட்டரிடம் விடுங்கள். எங்கே மேற்கோள் தேவையோ அங்கே அதுவே போட்டுக்கொள்ளும்.

மற்ற கேள்விகள்:

தகவலுக்குள்ளேயே இரட்டை மேற்கோள் வந்தால்? அதை இரண்டு முறை போடுங்கள்.

விண்டோஸில் வரிக்கு வரி வெற்று வரி விழுகிறதே? கோப்பைத் திறக்கும்போது 'நியூலைன்' என்பதற்கு வெற்றுச் சரம் கொடுங்கள்.

எக்செலில் தமிழ் எழுத்து சிதைகிறதே? 'யுடிஎஃப்-8-சிக்' என்கோடிங்கில் எழுதுங்கள்.

044 வெறும் 44 ஆகிவிட்டதே? எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்கிறது. நோட்பேடில் திறந்து பாருங்கள், பூஜ்யம் இருக்கும். எக்செலில் மட்டும் சேமித்துவிடாதீர்கள்.

பழைய பதிவுகள் அழிந்துவிட்டனவே? 'டபிள்யூ' முறையில் திறந்திருப்பீர்கள். சேர்க்க வேண்டுமானால் 'ஏ'.