ஜனாதிபதி பதவி வேண்டாம் என்ற ருக்மணி தேவி!

திருவான்மியூர் பக்கம் போகிறவர்களுக்குக் கலாக்ஷேத்ரா தெரியும். அதை உருவாக்கிய அம்மாள், ஜனாதிபதி பதவியையே வேண்டாம் என்றவர். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய், ஜனாதிபதி தேர்தலில் நிற்கும்படி ருக்மணி தேவியைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். சஞ்சீவ ரெட்டி போட்டியின்றி ஜனாதிபதி ஆனார்.

ஊர் பேச்சு

ருக்மணி தேவி 1904 பிப்ரவரி 29-ந் தேதி மதுரையில் பிறந்தவர். பிறந்தநாளே நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான்! 16 வயதில் வெள்ளைக்காரரான ஜார்ஜ் அருண்டேலைக் கல்யாணம் செய்தார். ஊரெல்லாம் அதே பேச்சு.

அந்தக் காலத்தில் சதிர் என்றாலே "பெரிய இடத்து" குடும்பங்கள் முகம் சுளிக்கும். ருக்மணி தேவியோ மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோரிடம் ஆட்டம் கற்றார். 1935-ல் அடையாறு பிரம்மஞான சபையில் மேடை ஏறினார். அப்போது வயது 31.

மரத்தடி வகுப்பு

மறு வருஷமே பள்ளி தொடங்கினார். அதுதான் கலாக்ஷேத்ரா. மரத்தடியில் பாடம், டைகர் வரதாச்சாரியார் போன்ற மேதைகள் ஆசிரியர்கள்.

குறை சொன்னவர்களும் உண்டு. சிருங்காரத்தை அவர் குறைத்ததைப் பாலசரஸ்வதி ஏற்கவில்லை. வழிவழியாக ஆடி வந்த குடும்பங்களிடமிருந்து கலை கைமாறிப் போயிற்றே என்ற ஆதங்கம் இன்றும் இருக்கிறது.

ருக்மணி தேவி 1986 பிப்ரவரி 24-ந் தேதி காலமானார். ஜனாதிபதி பதவி என்றால் 5 வருஷத்தோடு சரி. அவர் வைத்த பள்ளியில் இன்றும் சலங்கைச் சத்தம் கேட்கிறது!